பத்து ரூபாய், ஒரு பழைய புடவை

தஞ்சைச் சீமையில் விற்கப்பட்ட ஒரு சிறுமி பின்னாளில் எழுதிய நாவலுக்கு திருப்பதி, சித்தூர் கிராமங்களில் இன்னமும் வேலை இருக்கிறது.

திருப்பதியில் எல்லோருமே கடன்காரர்கள்தான். மலைமேல் நிற்கும் ஏழுமலையானே பெரிய கடன்காரர். பத்மாவதியைக் கல்யாணம் செய்துகொள்ள குபேரனிடம் வாங்கிய கடனுக்குக் கலியுகம் முடியும்வரை அவர் வட்டி கட்டியாக வேண்டும். உண்டியலில் விழும் காசெல்லாம் அந்த வட்டிக்கே என்பது ஐதீகம். அலிபிரியிலிருந்து படியேறும் பக்தர்கள் தங்கள் கடனைத் தீர்க்க வருகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்ததற்கு ஒரு மொட்டை, வேலை கிடைத்ததற்குத் துலாபாரம், வழக்கு ஜெயித்ததற்கு மலைக்கு நடை. கல்யாணகட்டாவில் இரவும் பகலும் கத்தி ஓய்வதில்லை. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. முடி மறுபடி வளரும். காசை மறுபடி சம்பாதித்துக் கொள்ளலாம்.

இதே ஊரிலிருந்து ரேணிகுண்டா வழியாகச் சென்னை சாலையில் ஒரு மணி நேரம் போனால், திரும்பி வராத ஒன்றை நேர்ந்துகொள்ளும் வழக்கம் வேரோடியிருந்த கிராமங்கள் வருகின்றன. அங்கே காணிக்கை, பெண் குழந்தை.

நாராயணவனம் சாலை

அந்த வழியில் முதலில் வரும் பெரிய ஊர் புத்தூர். எலும்பு முறிவுக்கு இங்கே போடும் மூங்கில் பத்தை, மூலிகைக் கட்டு சென்னை வரை பிரசித்தம். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களைப் பார்த்தாலே ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தெற்கே நகரி மலையின் கூரிய மூக்கு வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

புத்தூரை அடுத்த சிற்றூர் நாராயணவனம். ஆகாச ராஜனின் தலைநகரம் என்றும், ஏழுமலையானுக்கும் பத்மாவதிக்கும் திருமணம் நடந்த இடம் என்றும் தலபுராணம் சொல்கிறது. குபேரனிடம் கடன் வாங்கியது இந்தக் கல்யாணத்துக்காகத்தான். இங்குள்ள கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு, மகளுக்கு வரன் தகையவில்லையே என்ற கவலையோடு பெற்றோர்கள் வருகிறார்கள்.

பெரிய கோயிலை விட்டு விலகி, ஊருக்கு வெளியே அருந்ததியர் குடியிருப்புகளுக்குப் போனால் தெய்வம் மாறுகிறது. ஆந்திரத்தில் மாதிகா என்று அழைக்கப்படும் இந்த மக்களின் காவல் தெய்வம் மாத்தம்மா. புத்தூர், நகரி, சத்தியவேடு, காளஹஸ்தி வட்டாரங்களிலும் எல்லைக்கு இப்பால் திருவள்ளூர் மாவட்டத்திலும் அவளுக்குச் சின்னச் சின்னக் கோயில்கள் உண்டு. கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அவள் அம்மை நோயிலிருந்தும் பேதியிலிருந்தும் காப்பாற்றும் தாய். அவ்வளவே.

வழக்கம் தொடங்குவது நோயிலிருந்துதான். பெண் குழந்தை படுக்கையில் விழும். மருந்து இருக்காது, மருந்துக்குக் காசும் இருக்காது. "பிழைக்க வைத்தால் உனக்கே விட்டுவிடுகிறேன்" என்று தாயோ பாட்டியோ வேண்டிக்கொள்வார்கள். குழந்தை பிழைத்துவிட்டால் கடனைத் தீர்த்தாக வேண்டும். அம்மன் பெயரால் கழுத்தில் தாலி ஏறும். அன்று முதல் அந்தச் சிறுமிக்கும் மாத்தம்மா என்றே பெயர். தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அவளை யாரும் மணக்க மாட்டார்கள். திருவிழாவில் பறை முழங்க ஆட வேண்டும். வயதுக்கு வந்தபின் அவள் யாருக்கும் மனைவியில்லை என்பதையே உரிமமாக எடுத்துக்கொள்ளும் ஆண்கள் உண்டு. பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் பெயர் கிடையாது. பள்ளிக்கூடப் படிவத்தில் அந்த இடம் வெறுமையாக நிற்கும்.

புத்தூரையும் நாராயணவனத்தையும் கடந்து போகும் யாத்ரீகர்களின் கண்ணில் இதெல்லாம் படாது. படவேண்டும் என்று எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண். இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு அவருக்கு நேரடியாகத் தெரியும். அந்தக் கணக்கில் அவரே ஒரு சரக்காக இருந்தவர்.

விலைபோன குழந்தை

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883-ல் திருவாரூரில் பிறந்தவர். கோயில் தாசிகளின் குலத்தில் பிறந்த அவரது தந்தை, தன் வீட்டுப் பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட மறுத்ததால் உறவினர்களின் பகைக்கு ஆளாகி ஊரைவிட்டுப் போனார். வறுமையில் தவித்த தாய், சின்னஞ்சிறு மகளை மூவலூரில் ஒரு தாசியிடம் கொடுத்துவிட்டார். கிடைத்த விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்.

வாங்கியவர் வளர்த்தார், பாட்டும் நாட்டியமும் கற்பித்தார். முதலீடு லாபமாகத் திரும்ப வேண்டிய வயதில் பெண் முரண்டு பிடித்தார். கிழவர் ஒருவருக்குக் கட்டிவைக்க நடந்த முயற்சியிலிருந்து தப்பி, தமக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். அந்தக் குலத்தில் பிறந்த பெண் ஒருவனுக்கு மனைவியாவதே அந்தக் காலத்தில் கலகம்.

பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தாசி வீடுகளுக்குள்ளேயே போய், "உன் மகளுக்குப் பொட்டுக் கட்டாதே" என்று கெஞ்சியும் சண்டை போட்டும் கேட்டார். 1920-களில் காங்கிரஸ் தொண்டர். கதர் மூட்டையைச் சுமந்து விற்றவர். 1923-ல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுக்குக் கொடி கொண்டுபோகத் தடை என்றதும் கொடிகளையே புடவையாக உடுத்திக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். பின்னர் பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1938-ல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்துபோன இந்தி எதிர்ப்புப் படையில் இருந்த ஒரே பெண் அவர். அப்போது வயது 55. பேசிக்கொண்டிருந்த மேடையிலேயே அவரது கூந்தலை எதிரிகள் அறுத்தார்கள் என்றும், அதன்பின் அவர் முடியை வளர்க்கவே இல்லை என்றும் அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

1936-ல் அவர் ஒரு நாவலை வெளியிட்டார். பெயர்: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்.' இன்றைய இலக்கிய அளவுகோலில் அதில் குறைகள் நிறைய உண்டு. கதை பாதி, விவாதம் பாதி. ஆனால் அதற்குமுன் தாசிகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியே நின்று பார்த்த ஆண்கள். அவர்களுக்குத் தாசி மயக்குகிறவள், அல்லது மீட்கப்பட வேண்டிய பாவி. ராமாமிர்தம் அம்மையார் உள்ளேயிருந்து எழுதினார். அந்த வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், ஒரு சிறுமி எப்படித் தயார் செய்யப்படுகிறாள், சொத்துள்ள மைனர் எப்படிக் கறக்கப்படுகிறான், பெற்ற தாயே தரகராக எப்படி மாறுகிறாள் என்பதையெல்லாம் பெயர் சொல்லி, பேரம் சொல்லி எழுதினார். பக்தி என்ற திரையை அவர் விலக்கியபோது பின்னால் தெரிந்தது சந்தை.

அமெரிக்காவில் கறுப்பின அடிமைத்தனத்துக்கு எதிராக வடமாநில மக்களை உலுக்கிய நாவல் 1852-ல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. ஸ்டோ அடிமையாக இருந்தவர் அல்லர். ராமாமிர்தம் அம்மையாருக்கு நெருக்கமானவர் இன்னொரு ஹாரியட். அடிமையாகப் பிறந்து, எஜமானனின் தொல்லைக்குத் தப்பி ஓடி, 1861-ல் தன் கதையைப் புனைபெயரில் வெளியிட்ட ஹாரியட் ஜேக்கப்ஸ். அடிமைப் பெண்ணின் உடலே அவளது விலங்காகிறது என்பதை வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் முகத்துக்கு நேரே சொன்னவர். ராமாமிர்தம் அம்மையார் புனைபெயரும் வைத்துக்கொள்ளவில்லை.

தாசி என்ற சொல்லுக்கே அடிமைப் பெண் என்பதுதான் பொருள். தேவதாசி என்றால் தேவனுக்கு அடிமை. தமிழில் தேவரடியார் என்று மரியாதையாக வழங்கிய சொல் வசைச்சொல்லாகச் சிதைந்ததே, அந்தப் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சாட்சி.

சென்னைச் சட்டம், சித்தூர் மண்

இந்தப் போராட்டம் சட்டமன்றத்துக்குள்ளும் நடந்தது. தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்தவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையில் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் மானியம் அனுபவித்த தாசிகளை ஊழியத்திலிருந்து விடுவித்து, நிலத்தை அவர்களுக்கே சொந்தமாக்கும் திருத்தம் 1929-ல் வந்தது. சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்தார்கள். கலை அழியும், எங்கள் சொத்துரிமை போகும் என்று தாசிகளிலேயே ஒரு பகுதியினர் மனு கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த, தன் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் அவர்கள்தான். இதற்கெல்லாம் ராமாமிர்தம் அம்மையாரின் பதில் அவர் வாழ்க்கையே. அவரது விலை பத்து ரூபாய்; சொத்து அவரை வாங்கியவருடையது.

கடைசியில் 1947-ல் சென்னை மாகாண தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

சித்தூர் கதைக்குள் வருவது இங்கேதான். இன்று தெலுங்கு தேசமாக இருக்கும் இந்த மண் அன்று சென்னை மாகாணம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். அந்த ஆண்டு தனி மாவட்டமானது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது அதோடு போனது. 1960-ல் எல்லை மறுபடி வரையப்பட்டு திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே தங்கின. ஆகவே தஞ்சைச் சீமையின் தாசி வீடுகளில் மூண்ட போராட்டத்தில் பிறந்த சட்டம், முதல் நாளிலிருந்தே நாராயணவனத்துக்கும் நகரிக்கும் பொருந்தும் சட்டமாகத்தான் இருந்தது.

காகிதத்தில் பொருந்தியது, கிராமத்தில் பொருந்தவில்லை. காரணம் எளிது. சென்னையில் நடந்த வாதமெல்லாம் பெரிய கோயில்களைப் பற்றியது. மானிய நிலம், சதிர், நட்டுவனார், மைனர், ஜமீன்தார் என்று விரிந்த உலகம் அது. மாத்தம்மாவுக்கு நிலமும் இல்லை, சபையில் அரங்கேறும் கலையும் இல்லை, காப்பாற்ற வேண்டிய சொத்தும் இல்லை. நான்கு சுவரும் ஒரு சூலமும்தான் அவள் கோயில். ஊரின் கடைசித் தெருவில், சாதி அடுக்கின் கடைசிப் படியில் நடப்பது எந்தச் சட்டமன்ற விவாதத்திலும் கேட்கவில்லை. தஞ்சையில் தாசியிடம் போன ஆண் பணத்தையாவது இழந்தான். இங்கே மாத்தம்மாவிடம் போகிற ஆணுக்கு அந்தச் செலவும் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் சட்டம் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது. 1988-ல் ஆந்திர அரசு கொண்டுவந்த தேவதாசி தடைச் சட்டம், ஜோகினி, பசவி ஆகிய பெயர்களோடு மாத்தம்மா என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டது. நேர்ந்துவிடுவது பெற்றோரானால் தண்டனை இன்னும் கடுமை: ஐந்தாண்டு வரை சிறை. கடுமையே சிக்கலும் ஆனது. குழந்தை பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட தாயைச் சிறைக்கு அனுப்ப எந்தக் கிராமம் சாட்சி சொல்லும்? 2017 செப்டம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம் இந்த வழக்கம் குறித்துத் தமிழகம், ஆந்திரா இரண்டு அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. புகாரில் இருந்த சில விவரங்கள் மிகை என்று அப்போதே மறுப்பும் எழுந்தது. ஆனால் முதல் சட்டம் வந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பவேண்டி வந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நோய்தான் தரகர்

சித்தூர் நகரத்தின் வெல்லமண்டியும், சுற்றிலும் இருக்கும் மாம்பழக்கூழ் ஆலைகளும் இந்தப் பக்கத்து நிலம் எவ்வளவு கொடுக்கும் என்று காட்டுகின்றன. கோடையில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். நிலம் இல்லாதவர்களுக்கு அந்த டிராக்டரில் கூலி வேலை மட்டும் உண்டு. சித்தூரிலிருந்து 35 கி.மீ. தெற்கே வேலூர். அங்கே ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய மருத்துவமனைக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்களுக்கு எட்டும் மருத்துவம், பக்கத்து மாவட்டத்துச் சேரிக்கு எட்டாமல் போன காலத்தில்தான் மாத்தம்மா வேண்டுதல் செழித்தது.

ராமாமிர்தம் அம்மையாரை விற்க வைத்தது வறுமை. மாத்தம்மாவை நேர வைத்தது நோயும் வறுமையும் சேர்ந்து. அங்கே தரகராக ஒரு மனிதராவது இருந்தார்; இங்கே நோயே தரகு வேலை பார்த்தது. ஆகையால் இங்கே பொட்டுக்கட்டை நிறுத்தும் வல்லமை போலீஸ் ஸ்டேஷனைவிட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதிகம். தடுப்பூசி போட்ட குழந்தைக்காக யாரும் அம்மனிடம் கடன்படத் தேவையில்லை. பத்தாம் வகுப்புவரை விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணின் கழுத்தில் தாலி ஏற்றுவதும் எளிதல்ல.

அடிமைத்தனம் என்றால் சங்கிலி, சவுக்கு, ஏலக் கூடம் என்று நினைப்பவர்களுக்கு இதை அடிமைத்தனம் என்பது மிகையாகப் படலாம். 1956-ல் ஐக்கிய நாடுகள் சபை செய்த உடன்படிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. மறுக்கும் உரிமை இல்லாத பெண்ணை விலைக்குத் திருமணம் செய்து கொடுப்பதும், சுரண்டப்படுவதற்காகப் பெற்றோரே குழந்தையைக் கைமாற்றுவதும் அடிமைமுறைக்கு ஒப்பானவை என்று அது வரிசைப்படுத்துகிறது. அந்த வரையறைக்கு இருபதாண்டு முன்பே மூவலூரிலிருந்து ஒரு நாவல் அதைச் சொல்லிவிட்டது.

கங்கம்மாவின் ஊர்

இந்த வழக்கத்துக்கு எதிரான சாட்சி வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. திருப்பதியின் கிராம தேவதை தாத்தய்யகுண்டா கங்கம்மா. மே மாதத்தில் நடக்கும் அவளது ஜாத்திரையில் ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து வருவார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஊர்ப் பெண்களையெல்லாம் தனக்கே உரியவர்களாக நினைத்துச் சூறையாடிய ஒரு பாளையக்காரன் இருந்தான். அவனை ஒழிக்கப் பிறந்தவள் கங்கம்மா. பயந்து ஒளிந்துகொண்டவனை நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடிக் கடைசியில் தலையை வாங்கினாள். ஊர்ப் பெண் பொதுச்சொத்து அல்ல என்பதைத் திருப்பதி ஆண்டுதோறும் திருவிழாவாகவே கொண்டாடுகிறது.

தெலுங்கு இலக்கியத்துக்கும் இது புதிதல்ல. கந்துகூரி வீரேசலிங்கம் தாசியாட்டத்தை எதிர்த்து எழுதினார். பெண் குழந்தைகளைக் கிழவர்களுக்கு விற்கும் வழக்கத்தைச் சந்தி சிரிக்க வைத்த குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' 1892-ல் மேடையேறியது. இருவரும் வெளியே நின்று எழுதிய நல்ல மனிதர்கள். உள்ளேயிருந்து வந்த குரல் தமிழில் ராமாமிர்தம் அம்மையாருடையது. அதை ஆங்கிலத்தில் 2003-ல் கொண்டுவந்தவர்கள் ஹைதராபாத்தைச் சேர்ந்த வசந்த் கண்ணபிரானும் அவர் மகள் கல்பனா கண்ணபிரானும் என்பது இரு மாநிலக் கதைக்குப் பொருத்தமான முடிச்சு.

திருப்பதியிலேயே 1983 முதல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது, பத்மாவதி தாயார் பெயரில். ராமாமிர்தம் அம்மையார் பிறந்து சரியாக நூறாண்டு கழித்துத் தொடங்கியது. மாத்தம்மாவாக விடப்பட்ட ஒருத்தியின் மகள் அங்கே போய்ப் படித்து, தன் தாயின் கதையைத் தானே எழுதும் நாளில்தான் 1936-ல் தொடங்கிய வேலை முடியும். கோயில் தாசிமுறையைச் சட்டம் மட்டும் ஒழித்துவிடவில்லை. அந்த வீடுகளில் பிறந்த பெண்களே "இனி எங்கள் வீட்டில் இல்லை" என்று வெளியே வந்து சொன்னதால்தான் அது ஒழிந்தது.

நகரியைத் தாண்டி விசைத்தறிச் சத்தம் ஓய்ந்ததும் எல்லை வந்துவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து வட்டத்திலிருந்து சதுரத்துக்கு மாறுகிறது. பேச்சு மட்டும் இரு பக்கமும் கலந்தே இருக்கிறது. அருந்ததியர் தெருக்களில் இந்தப் பக்கமும் வீட்டு மொழி தெலுங்குதான். 1962-ல் காலமான ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் தமிழக அரசு 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. 2022-ல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவளுடைய சொந்த வங்கிக் கணக்கிலேயே. ஒரு காலத்தில் பத்து ரூபாய்க்குக் கைமாறிய சிறுமியின் பெயரில், ஒரு பெண்ணின் கைக்கே நேராக வரும் பணம் அது.